ஞாயித்துக்கிழமை சரி, திங்கக்கிழமை என்ன பண்றது? ரங்கூன்ல புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்களுக்கு

புதுசா ஞானஸ்நானம் எடுத்தவங்க, கல்யாணம் ஆகி சபைக்கு வந்த மருமகளுங்க, சின்ன வயசுல வந்துட்டு நடுவுல விட்டுட்டு இப்ப திரும்பி வர்றவங்க, எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், "அக்கா எனக்கு சாட்சி சொல்ல வராது, பர்மீஸ்ல வசனம் சொன்னா நாக்கு குழறுது, தமிழ் பைபிள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், நான் என்னத்த ஊழியம் பண்றது?" பேச வரலைன்னா ஒண்ணும் குறைஞ்சு போயிடலங்க. யாக்கோபு ரெண்டாம் அதிகாரம் 15, 16 எடுத்துப் பாருங்க. போட்டுக்கத் துணி இல்லாம அன்னாடம் சாப்பாட்டுக்கு வழியில்லாம ஒருத்தர் நிக்கிறாரு, அவரப் பாத்து சமாதானமா போ, குளிர் காஞ்சுக்கோ, பசியாறுன்னு வாழ்த்தி அனுப்புனா என்ன பிரயோஜனம்னு கேக்குறாரு, அடுத்த வசனத்துலயே கிரியை இல்லாத விசுவாசம் செத்ததுன்னு முடிச்சுடுறாரு. நான் சொல்லல, அவரு சொல்றாரு.

இன்னொண்ணும் யோசிங்க. நாம இருக்கிறது எந்த ஊருல? விடியக்காலைல பிக்குங்க வரிசையா வர்றப்ப தன் வீட்டுல சோறு கம்மியா இருந்தாலும் ஒரு கரண்டி எடுத்து பாத்திரத்துல போடுற ஜனங்க நடுவுல இருக்கோம். உலகத்துல யாரு அதிகமா தானம் பண்றாங்கன்னு ஒரு பட்டியல் வருஷா வருஷம் போடுவாங்க, அதுல 2014ல அமெரிக்காவோட சேந்து பர்மா முதலிடம், அப்புறம் 2015, 2016, 2017 தனியாவே முதலிடம். கிறிஸ்தவங்க இங்க நூத்துக்கு ஆறு பேரு சொச்சம்தான். அதனால பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மாகிட்ட போய் அன்பைப் பத்தி நாம பிரசங்கம் பண்ணினா அவங்க மரியாதைக்கு சிரிச்சுட்டு லபெட்ங்கிற ஊறவெச்ச தேயிலைத் தட்டை நம்ம பக்கம் தள்ளி வைப்பாங்க, அவ்வளவுதான். அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயா 1813ல ரங்கூன்ல வந்து எறங்கினாரு, முதல் பர்மாக்காரர் ஞானஸ்நானம் எடுத்தது 1819ல, ஆறு வருஷம் ஆச்சு. அப்புறம் அவர அப்ப ராஜா தலைநகரா இருந்த ஆவா ஜெயில்ல போட்டப்ப அவரு சம்சாரம் ஆன் அம்மா ஒவ்வொரு அதிகாரி வாசலா ஏறி இறங்கி ஜெயிலுக்குச் சோறு அனுப்பிக்கிட்டே இருந்தாங்களே, எனக்கு என்னமோ ஐயாவோட பிரசங்கத்தை விட அந்தச் சோத்துப் பாத்திரம்தான் மனசுல நிக்குது.

சரி, எங்க ஆரம்பிக்கிறதுன்னு வரிசையா சொல்றேன். வரிசை முக்கியம், ஏன்னா நிறைய பேரு கடைசில பண்ண வேண்டியதை முதல்ல பண்ணிட்டு மூணு மாசத்துல களைச்சுப் போயிடுறாங்க.

முதல் வேலை: யாருக்கு என்ன பாக்கி

தானம் பண்றதுக்கு முன்னாடி கடனை முடிங்க. ஒரு பேப்பர் எடுத்து எழுதுங்க, மளிகைக்கடை பாக்கி, திருப்பிக் குடுக்காத பாத்திரம், வீட்டு வேலை செய்ற பொண்ணுக்கு இழுத்தடிக்கிற சம்பளம், அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாம கிடக்கிற சண்டை, எல்லாத்தையும். காணிக்கை கொண்டு வந்த இடத்துல சகோதரன் ஞாபகம் வந்தா காணிக்கையை அங்கயே வெச்சுட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு மத்தேயு 5ல கிடக்கு, சகேயு இயேசுவை வீட்டுல ஏத்துக்கிட்டப்ப பாட்டு பாடல, ஏமாத்தினதை நாலு மடங்காத் தர்றேன்னு கணக்குதான் பேசினான்.

சம்பளம் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்லணும். நம்ம வீடுங்கள்லயும் கடைங்கள்லயும் ஊர்ப்பக்கம் இருந்து வந்த சின்னப் புள்ளைங்க வேலை பாக்குறாங்க, டீக்கடைல ராத்திரி பாய் போட்டு அங்கயே தூங்குற பையன் இருக்கான், ஞாயித்துக்கிழமை முதலாளி சபைல முன் வரிசைல உக்காந்திருக்காரு. யாக்கோபு அஞ்சுல கூலியாளோட புடிச்சு வெச்ச கூலி கூக்குரல் போடுதுன்னு எழுதியிருக்கிறது இந்தக் கணக்குக்குத்தான். நீங்க முதலாளியா இருந்தா தேதி தவறாம சம்பளம், வாரத்துல ஒரு நாள் லீவு, சாப்பாடு நீங்க சாப்பிடுற அதே சாப்பாடு, இந்த மூணும் சரி பண்ணிட்டு அப்புறம் ஊழியம் பேசுங்க. முடிஞ்சா சாயங்காலம் அரை மணி நேரம் அந்தப் பையனுக்கு பர்மீஸ் எழுத்து சொல்லிக் குடுங்க, உங்களுக்கே தெரியலைன்னா உங்க புள்ளைய விட்டு சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க.

வட்டியும் இதுல வருது. 1930கள் கடைசில கீழ் பர்மா நெல் வயல்ல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு வட்டிக்குக் கடன் குடுத்த செட்டியார் கைக்குப் போயிருந்துச்சு, விலை விழுந்து கடன் அடைக்க முடியாம விவசாயி நிலத்தை விட்டதாலதான், அந்தக் காலம் போனாலும் நம்ம ஆளுங்கன்னாலே வட்டின்னு நினைக்கிற பழக்கம் இங்க முழுசா போகல. கஷ்டத்துல இருக்கிறவனுக்கு கைமாத்து குடுத்தா வட்டி வாங்காதீங்க. திரும்பி வராதுன்னு தெரிஞ்சா கடன்னு பேரே வைக்காதீங்க, இனாமாவே குடுத்துடுங்க. கடன்னு குடுத்துட்டு அப்புறம் அந்தாளு உங்களப் பாத்ததும் எதிர்ப்பக்கம் தாண்டிப் போற மாதிரி ஆச்சுன்னா பணமும் போச்சு மனுஷனும் போயிட்டான்.

ரெண்டாவது: ஒரே ஒரு ஆளு

ஏழைங்களுக்கு உதவணும்னு நினைக்காதீங்க, ஏழைங்கன்னு ஒருத்தரும் இந்த ஊருல இல்ல, மூணாம் மாடில தனியா இருக்கிற பாட்டி இருக்காங்க, கால் எடுத்த ட்ரைஷா (சைக்கிள் ரிக்‌ஷா) மாமா இருக்காரு, புருஷன் மலேசியாக்குப் போய் பணம் அனுப்பாத தங்கச்சி இருக்கா. உங்க தெருவுல, நடந்து போற தூரத்துல, ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்க. சபை ஆளா இருக்கணும்னு கட்டாயமே இல்ல. வாரத்துல ஒரு நாள், ஒரே நாள், ஒரே நேரம், போங்க. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்குப் போறவங்க இருக்கீங்கன்னா திரும்பி வர்ற வழில போகலாம். முதல் ரெண்டு மூணு தடவை எதுவும் கொண்டு போகாதீங்க, உக்காந்து பேசுங்க, அவங்க குடுக்கிற டீயைக் குடிங்க. என்ன வேணும்னு கேட்டா ஒண்ணும் வேணாம்னுதான் சொல்லுவாங்க, நம்ம ஜனமும் பர்மா ஜனமும் இதுல ஒண்ணு, பர்மாக்காரங்க இதுக்கு ஆனாடே ஆனாடேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க, அடுத்தவங்களுக்கு தொந்தரவு குடுக்கக் கூடாதுங்கிற கூச்சம். நீங்க கண்ணாலதான் பாக்கணும். பானைல தண்ணி இருக்கா, மாத்திரை அட்டை காலியா, கரண்ட் இல்லாத நேரத்துல மோட்டார் ஓடாம மேல் மாடிக்கு யாரு தண்ணி தூக்குறாங்க, இதெல்லாம் வாய் சொல்லாது.

தண்ணி தூக்குறது பாக்க சின்ன வேலைதான், ஆனா கரண்ட் எப்ப வரும்னே தெரியாத ஊருல ஆறாம் மாடி வயசானவங்களுக்கு அதைவிடப் பெரிய வேலை கிடையாது. உங்க வீட்டுல பேட்டரியோ சோலாரோ இருந்தா தெருவுல நாலு பேரு போனை சார்ஜ் போட்டுக் குடுங்க, ஒரு எக்ஸ்டென்ஷன் பலகை வாசல்ல வெச்சா போதும்.

மூணாவது: பிடியரிசி

காசு இல்லன்னு சொல்றவங்களுக்கு. நம்ம பாட்டிமாருங்க பண்ணினதுதான், மிசோரம் சபைல 1910ல இருந்து பொம்பளைங்க இதையே பண்ணி அதை வெச்சு மிஷன் வேலையே நடத்துறாங்க. ஒவ்வொரு தடவை உலை வைக்கிறப்பவும் அளந்த அரிசில இருந்து ஒரு பிடி எடுத்து தனி டப்பால போடுங்க, அவ்வளவுதான். எட்டு பால் டின்னு ஒரு பியி, தெரியும்ல, தினம் ஒரு பிடின்னா மாசம் முடியிறப்ப அரை பியிக்கு மேலயே இருக்கும், நாலு வீடு சேந்தா ரெண்டு பியிக்கு மேல ஆச்சு, ஒரு ஆளுக்கு அது எத்தனை நாள் சோறுன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. ரெண்டே ரெண்டு விஷயம், நீங்க சாப்பிடுற அரிசியே இருக்கணும், குடுக்கிறதுக்குன்னு மட்ட அரிசி வாங்கக் கூடாது, வண்டு விழுந்த அரிசியைத் தானம் பண்றவங்களை நானே பாத்திருக்கேன், கோபம் கோபமா வரும். அப்புறம் அரிசியோட கொஞ்சம் எண்ணெயும் உப்பும் பருப்பும் வைங்க, வெறும் அரிசியை என்ன பண்ணுவாங்க.

வெயில் காலம் மார்ச் ஏப்ரல்ல வாசல்ல தண்ணிப் பானை வைங்க. தெருவுக்குத் தெரு பர்மாக்காரங்க வெச்சிருக்காங்களே மரப் பலகை மேல மண் பானை, மூடி மேல குவளை, அதே மாதிரி, இதுல மதமே இல்ல, ஒரு கலசம் தண்ணி குடுக்கிறவன் பலனை இழக்க மாட்டான்னு மத்தேயு 10:42லயும் இருக்கு. ஆனா வைக்கிறது சுலபம், தினம் கழுவி நிரப்புறதுதான் வேலை. மூடாத பானைல கொசு முட்டை போட்டு மழை ஆரம்பிச்சதும் டெங்கு பரப்பிடும், அதுக்கு வைக்காமலே இருக்கலாம்.

ஆஸ்பத்திரி

இது கொஞ்சம் பழகினவங்களுக்கு, ஆனா சீக்கிரமா பழகிக்கோங்க. இங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரில நோயாளி கூட ஒரு ஆளு இருந்தே ஆகணும், டாக்டர் எழுதிக் குடுக்கிற சீட்டை எடுத்துட்டு ஓடிப் போய் வெளிய மருந்து வாங்கணும், டெஸ்ட் ரிசல்ட் வாங்கணும், துடைக்கணும், ஊட்டணும். அந்த கூட இருக்கிற ஆளு நாலஞ்சு நாள்ல நோயாளியை விட மோசமா ஆயிடுவாங்க. சபைல இருந்து பத்து பேரு ஒரே நேரத்துல போய் கட்டிலைச் சுத்தி நின்னு சத்தமா ஜெபம் பண்ணிட்டு ஆரஞ்சுப் பழம் வெச்சுட்டு வர்றது நல்ல எண்ணம்தான், ஆனா பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவருக்குத் தூக்கம் போச்சு, கூட இருக்கிற பொண்ணுக்கு அன்னிக்கும் குளிக்க நேரம் கிடைக்கல. நீங்க ஒரு ஆளா போங்க, "தங்கச்சி நீ வீட்டுக்குப் போயி குளிச்சுட்டு தூங்கிட்டு சாயங்காலம் வா, அதுவரைக்கும் நான் இருக்கேன்"ன்னு சொல்லுங்க. அவ திரும்ப வர்ற வரைக்கும் இருங்க. ஜெபம் மெதுவா பண்ணலாம், அதுவும் நோயாளி சரின்னு சொன்னா.

கொண்டு போக வேண்டியது: சுடுதண்ணி பிளாஸ்க், சில்லறை நோட்டு, பேனா, சின்ன நோட்டுப் புத்தகம், கைவிசிறி, போன் சார்ஜர். ரத்தம் குடுக்க முடிஞ்சவங்க குடுங்க, பதினெட்டு வயசு தாண்டி உடம்பு நல்லா இருக்கணும், ஒரு தடவை குடுத்துட்டு சில மாசம் இடைவெளி விட்டுத்தான் அடுத்தது, அடையாளக் கார்டு எடுத்துட்டுப் போங்க, வெறும் வயித்துல போகாதீங்க.

பேப்பர் வேலை, இதை யாரும் ஊழியம்னு நினைக்கிறதே இல்ல

எனக்குக் கேட்டா தமிழ் ஜனத்துக்கு இந்த ஊருல பண்ணக்கூடிய பெரிய உபகாரம் இதுதான். தாத்தா காலத்துல இருந்து இங்கயே பொறந்து இங்கயே வளந்தும் கையில சரியான அடையாளக் கார்டு இல்லாத குடும்பம் நம்மள்ல எத்தனையோ. சிலர்கிட்ட பழைய மூணு மடிப்பு கார்டு, சிலர்கிட்ட பச்சை, சிலர்கிட்ட வெளிநாட்டவர்னு பதிஞ்சு குடுத்த எஃப்.ஆர்.சி., சிலர்கிட்ட ஒண்ணுமே இல்ல. 1982 சட்டத்துக்கு அப்புறம் மூணு வகை குடியுரிமை வந்து இது இன்னும் சிக்கலாச்சு. கார்டு இல்லன்னா புள்ளை பரீட்சை எழுதுறதுல இருந்து பஸ் ஏறி வேற ஊருக்குப் போற வரைக்கும் எல்லாமே தடங்கல். ஆனா லவக (குடியுரிமை, கார்டு பாக்குற கவர்மெண்ட் ஆபீஸ்) பேரைச் சொன்னாலே வயசானவங்களுக்குக் கை நடுங்குது, பர்மீஸ் பாரம் படிக்கத் தெரியாது, நாள் முழுக்க உக்கார முடியாது, திட்டுவாங்களோன்னு பயம்.

பர்மீஸ் நல்லா எழுதப் படிக்கத் தெரிஞ்ச இளவட்டங்க, இது உங்க வேலை. முதல்ல வீட்டுல உக்காந்து அவங்ககிட்ட இருக்கிற எல்லா பேப்பரையும் தரைல பரப்பிப் பாருங்க, வீட்டு லிஸ்ட், அப்பா அம்மா கார்டு, பள்ளிக்கூட சர்டிபிகேட், பொறப்பு சீட்டு. பேரு எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, நம்ம ஆளுங்களுக்கு வீட்டுல ஒரு தமிழ்ப் பேரு, பள்ளிக்கூடத்துல ஒரு பர்மாப் பேரு, சபைல ஒரு பைபிள் பேரு, ஒவ்வொரு பேப்பர்ல ஒவ்வொண்ணு இருக்கும், பாதி பிரச்சினை இதுலதான் ஆரம்பிக்குது. பொறந்த தேதியே தெரியலைன்னா சபை ஞானஸ்நான ரிஜிஸ்டரைப் புரட்டச் சொல்லுங்க, அப்பா அம்மா பேரும் தேதியும் கிடைக்கலாம், ஆபீஸ்ல அதை ஒத்துக்கிறாங்களா இல்லையாங்கிறது வேற விஷயம். எல்லாத்துக்கும் ரெண்டு செட் காப்பி எடுங்க, ஒரிஜினலை புரோக்கர் கையில குடுக்கவே குடுக்காதீங்க. அப்புறம் கூடப் போங்க. நீங்க வாதாட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம், பக்கத்துல உக்காந்து பாரத்தை நிரப்பிக் குடுத்துட்டு தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தா போதும். முதல் நாள்ல முடியாது, ரெண்டாவது தடவையும் முடியாது, திரும்பத் திரும்பப் போகணும், உங்க பொறுமைக்கு வசனமே படிக்க வேண்டாம் இந்த பெஞ்சுல உக்காந்தா தானா வரும்.

ஒண்ணு மறக்காதீங்க, வெளியூர்ல இருந்து வந்தவங்களை வீட்டுல ராத்திரி தங்க வெச்சா வார்டு ஆபீஸ்ல கெஸ்ட் லிஸ்ட் குடுக்கணும். அந்நியரை உபசரிக்கணும்னு பைபிள் சொல்லுது, சட்டம் லிஸ்ட் குடுன்னு சொல்லுது, ரெண்டையும் பண்ணுங்க, இல்லன்னா மாட்டுறது நீங்க மட்டும் இல்ல, அந்த விருந்தாளியும்தான்.

சாவு வீடு

எல்லாரும் போறதுதான். வண்டிக்குக் காசு இல்லாத குடும்பமா இருந்தா இலவச சவ ஊர்வலச் சங்கம் இருக்கு, நடிகர் சோ தூ 2001ல டைரக்டர் துகா ஐயாவோட சேந்து ஆரம்பிச்சது, சாதி மதம் பாக்காம வண்டி அனுப்புவாங்க, அந்த நம்பரை போன்ல வெச்சுக்கோங்க. நல்ல சமாரியன் கதையைப் படிச்சுட்டு நாம யாருன்னு கேட்டா எல்லாரும் சமாரியன்னு கை தூக்குவோம், இந்த ஊருல பல நாள் அந்த சமாரியன் ஒரு பௌத்தர்தான், அதைச் சந்தோஷமா ஒத்துக்கிட்டு அவங்களோட சேந்து வேலை செய்ங்க. நம்ம சபைக்குன்னு தனியா ஒரு வண்டி ஒரு போர்டு ஒரு பேனர் எதுக்கு?

முதல் மூணு நாள் சாவு வீட்டுல கூட்டம் தாங்காது, நீங்க போறது ரெண்டாவது வாரம். அப்பதான் நாற்காலியெல்லாம் திரும்பிப் போயிருக்கும், ஆஸ்பத்திரி பில் வந்திருக்கும், செத்தவர் பேர்ல இருக்கிற வாடகை ஒப்பந்தம் என்னாகும்னு பயம் வந்திருக்கும். சமைச்சதை எடுத்துட்டுப் போங்க, திருப்பித் தர வேண்டாத டப்பால.

பெரிய ஆபத்து வர்றப்ப

2008 மே மாசம் நர்கிஸ் புயல்ல ஐராவதி டெல்டால செத்தவங்க, காணாமப் போனவங்க ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல. 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை மத்தியானம் சகைங், மாண்டலே பக்கம் 7.7 நிலநடுக்கம், மூவாயிரத்துக்கும் மேல உயிர் போச்சு, வீடு நின்னவங்க கூட பயந்துகிட்டு தெருவுல படுத்தாங்க, அதுவும் ஏப்ரல் வெயில்ல. இந்த மாதிரி நேரத்துல எல்லாருக்கும் நெஞ்சு பதறும், அலமாரியைத் திறந்து பழைய துணியை மூட்டை கட்டுவோம். வேணாம். கிழிஞ்ச சட்டையும் ஹை ஹீல்ஸும் போய்ச் சேந்தா அதைப் பிரிச்சு எடுக்கவே அங்க பத்து பேரு வேணும். தார்ப்பாய், கொசுவலை, டார்ச், குடிதண்ணி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பொம்பளைங்களுக்கு பேட், புது உள்ளாடை, இதுங்கதான் சீக்கிரம் தீரும். அதைவிட நல்லது பணம், அங்கயே இருக்கிற சபைக்கோ மடத்துக்கோ நம்பிக்கையான ஆளுக்கோ போன்லயே அனுப்பலாம், அங்க கடை திறந்த உடனே அங்கயே வாங்கிப்பாங்க. கத்தோலிக்கருக்கு கருணா அமைப்பு மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் இருக்கு, அது மூலமாவும் போகும். நேர்ல போறதுன்னா கூப்பிட்டா மட்டும் போங்க, உங்களுக்குச் சோறும் படுக்க இடமும் அவங்க தேட வேண்டி வரக் கூடாது.

பண்ணக் கூடாதது

போட்டோ. வாங்குறவங்க மூஞ்சியும் அரிசி மூட்டையும் சேத்து எடுத்துப் போடாதீங்க. வலது கை செய்றது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு மத்தேயு 6:3ல இருக்கிறப்ப நாம உலகத்துக்கே காட்டுறோம். கணக்கு காட்டணும்னா ரசீதை போட்டோ எடுங்க, மூட்டையை எடுங்க, மனுஷனை விட்டுடுங்க.

அரிசிய வெச்சு ஆளு புடிக்கிறது இன்னும் மோசம். ஒரு பியி அரிசி வாங்கினதுக்காக ஞாயித்துக்கிழமை கூட்டத்துல உக்கார வேண்டி வந்தா அது கூலி, அதுக்கு அன்புன்னு பேரு வைக்காதீங்க. கூட்டத்துக்கு வராதவங்களுக்கு அடுத்த மாசம் நிறுத்திடுற சபை எங்கயாவது இருந்தா அதுல நீங்க சேராதீங்க. குடுங்க, அவங்க பகோடாங்கிற புத்தர் கோயிலுக்குப் போனாலும் குடுங்க, காளியம்மன் கோயிலுக்குப் போனாலும் குடுங்க.

உங்க வீட்டை விட்டுட்டு ஊருக்கு ஓடாதீங்க. மாமியாருக்கு மருந்து எடுத்துக் குடுக்க ஆளில்லாம முதியோர் இல்லத்துக்குப் போய் செல்ஃபி எடுக்கிறவங்க இருக்காங்க, சொல்லத் தேவையில்ல.

சபைக்குள்ளயும் பாருங்க. தங்க மோதிரம் போட்டவருக்கு ஃபேன் கீழ சீட்டு, லுங்கி கசங்கினவருக்கு கதவோரம், யாக்கோபு ரெண்டாம் அதிகாரமே இந்தச் சண்டையிலதான் ஆரம்பிக்குது.

இவ்வளவு நாள் பண்ணின பிறகு என்னிக்காவது ஒரு நாள் அந்த மூணாம் மாடி பாட்டியோ ஆஸ்பத்திரி தங்கச்சியோ கேப்பாங்க, "ஏம்மா நீ எங்களுக்கு என்ன உறவு, எதுக்கு இதெல்லாம் பண்ற?" அப்ப மட்டும் வாயைத் திறங்க, ரெண்டு வரி போதும், "எனக்கு இயேசு பண்ணினதுல கொஞ்சம் நான் பண்றேன் பாட்டி"ன்னு, தமிழோ பர்மீஸோ எதுல வருதோ அதுல. மேல கேட்டா மேல சொல்லுங்க, கேக்கலைன்னா தண்ணிக் குடத்தை எடுத்துட்டு மாடி ஏறுங்க. சபைக்கு வர்றேன்னு அவங்களே சொன்னா பர்மீஸ் ஆராதனை எத்தனை மணிக்கு, தமிழ் எத்தனை மணிக்குன்னு முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்கோங்க, வீட்டு வாசலுக்கே போய்க் கூட்டிட்டு வாங்க, பக்கத்துலயே உக்காருங்க, காணிக்கைப் பை வர்றப்ப அவங்க பையைத் தேடாத மாதிரி நீங்களே அதை வாங்கி அடுத்தவர் கையில குடுத்துடுங்க.